அளவு ஜாக்கெட் வாங்காதவர்

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடத்தில் நான் கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். காலையில் டவுன் பஸ் ஏறும்போது தோளில் புத்தகப் பையும், வாரத்தில் ஒரு நாளாவது கையில் ஒயர் கூடையும் இருக்கும். கூடைக்குள் எங்கள் தெருப் பெண்களின் புதுத் துணிகள். ஒவ்வொரு துணிக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு பழைய ஜாக்கெட். டவுனுக்குப் போகிற பெண்ணிடம் துணியைக் கொடுத்தனுப்புவதும், உடம்புக்குப் பதிலாகப் பழைய ஜாக்கெட்டை அளவுக்கு அனுப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பெயரே அளவு ஜாக்கெட்.

வழக்கமாகத் தைத்துக்கொடுத்தவர் பெங்களூருக்குப் போய்விட்டதால், கோயிலின் மேற்குப் பக்கத்துப் பே கோபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் தைக்கும் பெண்மணியிடம் அந்தக் கூடையை முதன்முதலாக எடுத்துச் சென்றேன். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் இயந்திரம், ஒரு மரப்பலகை, பழைய புடவையால் ஆன ஒரு திரை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடியே கூடையைக் கிளறினார்.

“இதெல்லாம் யாருது?”

“எங்க தெருக்காரங்களுது.”

“ஆளுங்க எங்க?”

“வீட்ல இருக்காங்க.”

“அப்ப ஜாக்கெட்டும் வீட்லயே இருக்கட்டும். ஆளுங்கள இட்டுக்கினு வா.”

ஏழு பேர் எப்படி வருவார்கள், களையெடுப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது என்று நான் வாதாடினேன். அவர் ஒரு ஜாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். “இது இன்னாம்மா? இது போன வருஷத்து உடம்பு. நான் தைக்கப்போறது இந்த வருஷத்து உடம்புக்கு.”

அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். அடுத்த பதினைந்து வருடங்களில் அவரிடம் நான் கண்ட குணங்கள் பல இருக்கலாம். ஆனால் நினைவில் நிற்பது ஒன்றுதான்: அளந்து பார்க்காத உடம்புக்கு அவர் தைக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்தை ஒரே ஒருமுறை, கெஞ்சிக் கூத்தாடி, நான் உடைத்தேன். அந்த ஒருமுறை என் அம்மாவின் உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது. இதை எழுதத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

அளவு ஜாக்கெட் என்கிற வழக்கம் மூடத்தனமானது என்று நான் சொல்ல வரவில்லை. தையற்காரர்கள் ஆண்களாக இருந்த ஊரில், அந்நியக் கை படாமல் துணி தைத்துக்கொள்ளப் பெண்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு அது. ஆனால் கூச்சத்தைக் காப்பாற்றிய அந்த வழக்கமே, ஒரு பெண்ணின் உடம்பில் என்ன மாறியிருக்கிறது என்பதை அவளைத் தவிர வேறு எவரும், சில சமயம் அவளேகூட, அறியாமல் போவதற்கும் வழிசெய்தது. அக்காவின் திரைக்குப் பின்னால் நின்ற பெண்களில் பலருக்கு, தங்கள் மார்பைப் பற்றி இன்னொருவரோடு பேசிய முதல் இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவர் அளக்கும் விதம் தனியானது. மார்கழியில் டேப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தேய்த்துச் சூடாக்கிய பிறகே உடம்பில் வைப்பார். அளக்கும்போது முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வார். டேப் சேரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்த பிறகே எண்ணைப் பார்ப்பார். முழுச் சுற்றளவோடு நிறுத்த மாட்டார். நடுவிலிருந்து இடப்பக்கம் ஒன்று, நடுவிலிருந்து வலப்பக்கம் ஒன்று என்று தனித்தனியே எடுப்பார். நீள நோட்டில் குறித்துக்கொண்டு, முன்பு எடுத்த அளவோடு ஒப்பிடுவார். பக்கத் தையலில் எப்போதும் மூன்று வரி ஓட்டுவார். உள்ளே தாராளமாகத் துணி விட்டு, ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று வரி. இறுக்கிப் பிடித்தால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். “உடம்பு ஏறும், எறங்கும். துணிதான் அதுக்கு எடம் குடுக்கணும்” என்பார்.

ஒருமுறை வேங்கிக்கால் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கோபமாக வந்தார். தைத்து நான்கு நாள்கூட ஆகவில்லை, மூச்சு முட்டுகிறது, அளவைத் தப்பாக எடுத்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டினார். அக்கா இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார்: “டீச்சர், தலைக்குக் குளிக்க இன்னும் எத்தன நாள் கீது?”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

“சம்பந்தம் இருக்குது. சொல்லுங்க.”

“ரெண்டு மூணு நாள்.”

“அப்ப இத மடிச்சு உள்ள வைங்க. குளிச்சு நாலு நாள் கழிச்சுப் போட்டுப் பாருங்க. அப்பவும் புடிச்சா நானே பிரிச்சு விடறேன். மாசா மாசம் அந்த நாலு நாள் நீர் கோத்துக்கும், வலிக்கும், கனக்கும். அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

அடுத்த வாரம் அந்த ஆசிரியை இன்னொரு துணியோடு வந்தார். முந்தையதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணமான சுரப்புகளின் பெயர்களை நான் கல்லூரியில் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கியிருந்தேன். சினைப்பையிலிருந்து சுரப்பவை மாதத்துக்கொரு முறை ஏறி இறங்குவதும், கருவுற்றால் பால் சுரப்பிகள் பெருகுவதும், பால் மறந்தபின் அவை சுருங்குவதும், மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு குறைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதும் எனக்கு ஐந்து மதிப்பெண் கேள்விகள். அக்காவுக்கு அவை எல்லாம் திரைக்குப் பின்னால் நின்ற மனிதர்கள்.

பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒரு பெண்ணை அவள் மாமியார் அழைத்து வந்திருந்தார். அளந்துகொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் திரைக்கு வெளியே நின்று, “இவளுக்கு இருக்கறதே இத்தினிக்காண்டு. பாலு எங்கேந்து வரும்? புட்டிப்பால் வாங்கச் சொல்லிட்டேன்” என்றார். திரை விலகியது.

“ஏம்மா, சொம்பு பெருசா சிறுசானு பாத்தா கெணத்துல தண்ணி ஊறுது?”

“நீ இன்னா, டாக்டரா?”

“நான் டைலர். அதனாலதான் சொல்றேன். முப்பத்திரண்டும் அளந்திருக்கேன், நாப்பத்திரண்டும் அளந்திருக்கேன். ரெண்டுத்துலயும் புள்ளைங்க வளந்துதுங்க. கொழந்த நல்லா ஒண்ணுக்குப் போவுதா? கை கால் சதை போடுதா? அதப் பாரு. மருமக ஜாக்கெட்டப் பாக்காத.”

அந்த இளம்பெண் திரைக்குள்ளேயே நின்று கொஞ்ச நேரம் வெளியே வராமல் இருந்தாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்பது எனக்குத் தெரியாது.

செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் வருவார். புடவையும் ஜாக்கெட்டும் அணிய ஆசை. ஒவ்வொரு மாதமும் தொளதொளவென்று ஆகிவிட்ட ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார். மூன்றாம் முறை அக்கா டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உனக்கு இங்கிலீஷ் வருமில்ல? இந்தம்மா சாப்புடுதானு கேளு.” கேட்டேன். விரதம் என்றார். “ஒடம்புல கொழுப்பு போச்சுனா மொதல்ல இங்கதான் கரையும்னு சொல்லு. இதுக்கு மேல நான் புடிக்க மாட்டேன். ரெண்டு மாசம் இட்லி துன்னுட்டு வரச் சொல்லு.” நான் முடிந்தவரை மரியாதையாக மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் எனக்கு ஒரு ரகசியத் துயரம் இருந்தது. இடப்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வலப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் இருந்தது. கண்ணாடி முன் நின்று அதைப் பெருங்குறையாக வளர்த்துக்கொண்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில் கடை விரித்திருந்த ஒருவரிடம், அம்மாவுக்குத் தெரியாமல், மார்பு வளர்க்கும் தைலம் ஒரு புட்டி வாங்கினேன். ஒரு மாதம் வலப்பக்கம் மட்டும் தேய்த்தேன். ஒன்றும் ஆகாமல் போகவே, அளவு எடுக்கும்போது அழுகையோடு அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திறந்து முகர்ந்தார். “நல்லெண்ணெய். அதுல கொஞ்சம் கற்பூரம். தலைக்குத் தேச்சிக்கோ, வீண் பண்ணாத.” பிறகு நோட்டில் என் பக்கத்தைக் காட்டினார். முதல்முறை எடுத்த அளவிலேயே அரை அங்குல வித்தியாசம் இருந்தது. “நீ மொத நாள் வந்தப்பவே எனக்குத் தெரியும். இங்க வர்றதுல பாதிப் பேருக்கு மேல இப்படித்தான். நான் ரெண்டு பக்கமும் தனித்தனியா வெட்டறது பின்ன எதுக்கு?”

அப்போது அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுத முயல்கிறேன். “ஆரம்பத்துலேந்தே ஒண்ணு ஜாஸ்தி ஒண்ணு கம்மினா அது உன் உடம்பு. ரெண்டும் சேந்து ஏறுச்சு, சேந்து எறங்குச்சுனா அது காலம். இத்தன வருஷம் சும்மா இருந்துட்டு ஒண்ணு மட்டும் மாறுச்சுனா, அது என் வேலை இல்ல. டாக்டர் வேலை.”

மூன்று வாக்கியங்கள். என் துயரத்துக்கு மருந்தாக இருந்தவை முதல் இரண்டும்தான். அவற்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

படிப்பை முடித்தபின் எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பெண்களுக்கு மாலை நேர எழுத்தறிவு வகுப்பு நடத்தினேன். எழுத்தோடு உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆர்வம். அக்காவிடம் கேட்டதையும் பாடநூலில் படித்ததையும் சேர்த்து, “மாறுவது இயற்கை, பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். வகுப்பின் பின்வரிசையில், மடியில் முறத்தோடு, என் அம்மாவும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருந்தது.

எனக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமானது. கார்த்திகைத் தீபம் முடிந்து, பொங்கல் துணிகள் குவிந்து, அக்காவுக்குத் தலை நிமிர நேரமில்லாத சமயம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் நேரில் போய் அளவு கொடுத்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை. நெல் அறுப்பு என்றார், முட்டிவலி என்றார். கடைசியில் தன் மெரூன் நிற ஜாக்கெட் ஒன்றைப் பட்டுத் துணியோடு சுருட்டி ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். “எனக்கு இன்னா புதுசா? கெழவிக்கு அளவு ஒரு கேடா? இத வச்சுத் தைக்கச் சொல்லு.”

அக்கா பார்த்ததும் தள்ளிவிட்டார். நான் விடவில்லை. என் கல்யாணம் என்றேன். அம்மாவால் பஸ் ஏற முடியவில்லை என்றேன். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, அந்தப் பையை ஆணியில் மாட்டினார். “உனக்காக. இந்த ஒரு தடவ.” வென்றுவிட்ட மகிழ்ச்சியில் திரும்பினேன்.

பதினேழு நாள் அந்தப் பை ஆணியில் தொங்கியது. அந்தக் கணக்கைப் பின்னால் பலமுறை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, கடையைப் பூட்டிக்கொண்டு, அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தச் சமயத்தில் அவர் கடையைப் பூட்டுவது என்பது நம்ப முடியாதது. கழுத்தில் டேப் இருந்தது. அதைக் கழற்ற மறந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் பத்திரிகை வைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். “உங்கம்மா எங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கால்மணி நேரம். அம்மாவின் குரல் உயர்ந்து தாழ்வது கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. வெளியே வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

“இன்னாம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. கை நீளம் கேக்க வந்துச்சு.”

திருமணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது துணிகளை வாங்கப் போனேன். என்னுடையவை, அண்ணியுடையவை, சித்தியுடையவை எல்லாம் தயாராக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அம்மாவின் பட்டுத் துணி மட்டும் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது.

“இது?”

“தைக்கல.”

“ஏன்?”

“உங்கம்மாவுக்குத் தெரியும். அவங்கள வரச் சொல்லு.”

“அன்னிக்கு வீட்டுக்கே வந்து பாத்துட்டுத்தானே போனீங்க? அப்புறம் எதுக்கு வரணும்?”

“வரணும்.”

“எட்டு நாள்ல கல்யாணம்க்கா. பொண்ணோட அம்மா பழைய ஜாக்கெட்டோட மணையில நிக்கணுமா?”

கடையில் வேறு மூன்று பெண்கள் இருந்தார்கள். நான் பட்டதாரி, நியாயம் பேசத் தெரிந்தவள். அந்த மூவர் முன்னால் சொன்னேன்: “ஊருக்கு ஒரே டைலரா? தொழில் தெரிஞ்சா மட்டும் போதாது, மனுஷங்க அருமையும் தெரியணும். உங்க அளவும் வேணாம், உங்க பிடிவாதமும் வேணாம்.”

பட்டுத் துணியை எடுத்தேன். அக்கா எழுந்து, ஆணியிலிருந்து அம்மாவின் மெரூன் ஜாக்கெட்டை எடுத்தார். அதை உள்பக்கம் வெளியே வரும்படி நிதானமாகத் திருப்பினார். மடித்தார். இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். “வேற டைலர்கிட்ட குடுக்கறதுக்கு முன்ன நீ ஒருவாட்டி பாத்துட்டுக் குடு” என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகும் கோபம் ஆறவில்லை. மடியில் அந்த ஜாக்கெட். அக்காவே இரண்டு வருடங்களுக்கு முன் தைத்தது. விரித்தேன். வலப்பக்கத் தையலில் மூன்று வரிகளும் தொடாமல் அப்படியே இருந்தன. இடப்பக்கத்தில் மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன. பிரித்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. துணியின் கடைசி விளிம்பில், பச்சை நூலில், கையால் ஒரு தையல். அதற்கும் உள்ளே அதே பச்சை நூலில் முன்பு ஒருமுறை போட்டுப் பிரித்த தடம். அம்மா ஒருமுறை விட்டிருக்கிறார். போதாமல் மறுபடியும் விட்டிருக்கிறார். இடப்பக்கம் மட்டும்.

அக்கா சொன்ன மூன்றாவது வாக்கியம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. பஸ் அரசுக் கல்லூரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வகுப்பறையில் நான் எத்தனை படங்கள் வரைந்திருப்பேன்!

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் முன்னால் ஜாக்கெட்டை விரித்து வைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“சொல்லிட்டாளா?”

“சொல்லல. திருப்பிக் குடுத்தாங்க.”

“சத்தியம் வாங்கினேன். கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கினேன்.” ஜாக்கெட்டை எடுத்து மடித்தபடி, “வலி கூட இல்ல. கல்லாட்டம் இருக்குது, அவ்ளோதான்” என்றார்.

“எத்தன நாளா?”

“ஆறு மாசம், எட்டு மாசம் இருக்கும்.”

“ஏம்மா சொல்லல?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது. “நீதானே கிளாஸ்ல சொன்ன. வயசானா மாறும், அது இயற்கை, பயப்படக் கூடாதுன்னு.”

நல்ல நோக்கத்தோடு பாதி உண்மையைச் சொல்வது என்ன செய்யும் என்பதை அந்தப் பதிலில்தான் நான் கற்றேன். பின்னாளில் சமூகப்பணி படித்து, எத்தனையோ ஊர்களில் பெண்கள் முன்னால் பேசியிருக்கிறேன். ‘இயற்கை’ என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் அந்த முறமும் அந்தப் பார்வையும் எதிரே வந்து நிற்கும். மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையும் நான் முடித்ததில்லை.

“கல்யாணம் முடியட்டும், அப்புறம் போலாம்” என்று அம்மா மன்றாடினார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அப்பாவும் தயங்கினார். அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. தாய்க்கு இந்த நோய் என்றால் மகளைத் தயங்கிப் பார்க்கும் உலகம்தான் இது. ஆனால் நான் அக்காவைப் போலவே செய்தேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு வராத வரை மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வைக்க வேண்டிய பத்திரிகைக் கட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் தொட்டுப் பார்த்தார். உடனே வேலூர்ப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். மருத்துவமனை வாசலில் அம்மா என்னிடம், “நேரா அவகிட்ட போலாம்” என்றார்.

கடையில் அக்கா எங்களைப் பார்த்து எழுந்தார். அம்மா சீட்டை நீட்டினார். அக்காவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துத் திரைக்குள் அழைத்துப் போனார். உள்ளங்கையில் டேப் தேயும் சத்தம் எனக்குக் கேட்டது.

“சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டியேடி” என்றார் அம்மா.

“நான் வாயத் தொறக்கலயேக்கா. நெட்டா நில்லு.”

பட்டு ஜாக்கெட் மறுநாளே தயாராகிவிட்டது. இடப்பக்கத்தை எப்படி வெட்டினாரோ, மணமேடையில் நின்ற அம்மாவைப் பார்த்த எவருக்கும் எதுவும் தெரியவில்லை. என் கணவரிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். “அதுக்கென்ன, நானும் கூட வரேன்” என்றார் அவர். திருமணம் முடிந்த ஐந்தாம் நாள் வேலூரில் அம்மாவின் இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் நான்கைந்து மாதம் விட்டிருந்தால் சிரமம்தான் என்றார் அறுவை மருத்துவர். ஆணியில் தொங்கிய பதினேழு நாளைப் பற்றி நான் கேட்டேன். அது எதையும் பெரிதாக மாற்றியிருக்காது என்றார். அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். “டாக்டருக்குத் தெரியும். ஆனா மாட்டினது நான்” என்றார். நான் அவரைத் திட்டியதைப் பற்றி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். “போ, போ. வாய் இருக்கற பொண்ணு, பொழச்சிப்ப” என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை மிதித்தார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை.

தழும்பு ஆறியபின் அம்மா வெளியே போக மறுத்தார். இடப்பக்கம் ஜாக்கெட் துவண்டு விழுந்தது. பஞ்சு வைத்துப் பார்த்தார்; கனமில்லாமல் அது மேலேறிக் கழுத்துப் பக்கம் வந்தது. அக்கா ஒருநாள் வந்து, மெல்லிய மல் துணியில் ஒரு பை தைத்து, உள்ளே கேழ்வரகை நிரப்பினார். அம்மாவின் வலப்பக்கத்தைத் தன் கையால் ஏந்திப் பார்த்து, பையை மறு கையில் ஏந்தி, ஒரு பிடி போட்டு, அரைப்பிடி எடுத்து, கனத்தை நிரவினார். ஜாக்கெட்டின் உள்ளே அதற்கென்று ஒரு பாக்கெட்.

“வேர்வையில மொளச்சிடப் போவுதுடி” என்றார் அம்மா.

“மாசம் ஒருவாட்டி கேவுர மாத்திக்க. மொளச்சா எனக்கும் ஒரு மரக்கா குடு.”

அறுவைக்குப் பின் அம்மா சிரித்ததை நான் முதலில் கண்டது அன்றுதான்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை அம்மா தானே பஸ் ஏறிப் போய் அளவு கொடுத்தார். துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவார். முதல் சில வருடங்கள் அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். வேலூரில் சோதனைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவருக்கு டேப்பின் சொல்லும் வேண்டியிருந்தது.

ஏழாவது வருடம் என்று நினைக்கிறேன். நானும் உடன் போயிருந்தேன். வேலூரில் அதற்கு முந்தைய வாரம்தான் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஜாக்கெட் வலப்பக்கம் தளர்ந்திருந்தது. கேழ்வரகுப் பை இருந்த பக்கம் எடுப்பாகத் தெரிந்தது. அம்மா அதைப் பல நாளாகக் கவனித்து வந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. திரைக்குள் நுழையும்போது அவர் கை என் கையைப் பற்றியிருந்தது, விடவில்லை. நானும் உள்ளே போனேன்.

அக்காவுக்கும் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். டேப்பைத் தேய்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அளந்தார். விரல்களால் மெதுவாக ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒப்பிட இன்னொரு பக்கம் இல்லாததால் கையையும் இடுப்பையும்கூட அளந்தார். நோட்டைப் புரட்டினார்.

“கையி முக்கா இஞ்சு எறங்கியிருக்குது. இடுப்பு ஒண்ணர. எல்லாம் சேந்துதான் எறங்கியிருக்குதுக்கா.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “வேற ஒண்ணும் இல்ல. வயசு.”

அம்மா என் கையை விட்டார்.

“வயசுதானா?”

“வயசுதான்.”

அக்கா பையின் வாயைப் பிரித்து, ஒரு பிடி கேழ்வரகை எடுத்துப் பலகை மேல் கொட்டினார். கையில் ஏந்திப் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்தார். அம்மா அந்தச் சிறு குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்று கேட்டு ஒரு பெண் அவ்வளவு நிம்மதி கொண்டதை அதற்குப் பிறகும் கண்டதில்லை.

“எடு, எடு” என்றார். “இன்னும் கொஞ்சம் எடு.”